வட்டி ஸ்வாப்பைக் கணக்கில் காட்டுவது எப்படி? ஹெட்ஜ் கணக்கியல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 மே மாதம் 4 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டி, 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதத்தைத் தொட்டது. மாறும் வட்டியில் கடன் வாங்கியிருந்த கம்பெனிகளுக்கு ஒன்பதே மாதத்தில் வட்டிச் சுமை இரண்டரை சதவீதம் வரை கூடக்கூடிய நிலை. அந்த நேரத்தில் வங்கியோடு வட்டி ஸ்வாப் (மாறும் வட்டியை வாங்கிக்கொண்டு நிலையான வட்டியைக் கொடுக்கும் மாற்று ஒப்பந்தம்) போட்டு வட்டியை நிலைப்படுத்திக்கொண்டவர்கள் உண்டு. பணம் போவதையும் வருவதையும் பொறுத்தவரை அது எளிய ஏற்பாடுதான். கணக்குப் புத்தகத்தில் எழுத உட்காரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. கம்பெனிகளின் கணக்குப் பிரிவில் இருப்பவர்களும், சிஏ இறுதித் தேர்வுக்குப் படிப்பவர்களும், ஆண்டறிக்கையைப் படிக்கும் பங்குதாரர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஸ்வாப் கணக்கில் அப்படி என்ன சிக்கல்?

கடனும் ஸ்வாப்பும் இரண்டு வேறு அளவுகோலில் அளக்கப்படுகின்றன. வாங்கிய கடன் அசலை ஒட்டிய மதிப்பிலேயே ஐந்தொகையில் நிற்கும். வட்டி சேரச் சேர செலவு எழுதுவோம். ஸ்வாப் போன்ற டெரிவேட்டிவ் (வேறொன்றின் விலையையோ விகிதத்தையோ ஒட்டி மதிப்பு மாறும் ஒப்பந்தம்) அப்படியில்லை. ஒவ்வொரு கணக்கு முடிக்கும் நாளிலும் அதன் நியாய மதிப்பை, அதாவது அன்றைய சந்தை மதிப்பை, கண்டுபிடித்து சொத்தாகவோ பொறுப்பாகவோ காட்டியாக வேண்டும். மதிப்பு மாறியதால் வந்த லாபமோ நட்டமோ நேராக லாப நட்டக் கணக்குக்குப் போகும். ஆபத்தைக் குறைப்பதற்காகச் செய்த ஏற்பாடு, லாபக் கணக்கில் ஆட்டத்தைக் கூட்டிவிடுகிறது.

ஆபத்தைக் குறைக்கும் இப்படிப்பட்ட ஏற்பாட்டுக்கு ஹெட்ஜ் என்று பெயர். இந்த முரண்பாட்டைத் தீர்க்கத்தான் ஹெட்ஜ் கணக்கியல் என்ற தனி முறை. அது பணத்தில் ஒரு ரூபாயைக்கூட மாற்றாது. ஸ்வாப்பின் லாப நட்டம் எந்த ஆண்டில் கணக்குக்கு வரவேண்டும் என்பதை மட்டுமே மாற்றும்.

இந்தியாவில் எந்த விதி யாருக்கு?

பட்டியலிடப்பட்ட கம்பெனிகளுக்கும் நிகர மதிப்பு 250 கோடி ரூபாய்க்கு மேல் உள்ள கம்பெனிகளுக்கும் இண்ட் ஏஎஸ் 109 என்ற கணக்கியல் தரநிலை. பெரிய கம்பெனிகள் 2016 ஏப்ரலிலும், மற்றவை 2017 ஏப்ரலிலும் இதற்குள் வந்தன. வங்கியல்லா நிதி நிறுவனங்கள் 2018-லிருந்து படிப்படியாக வந்தன. வங்கிகளுக்கு இண்ட் ஏஎஸ் கட்டாயமாவதை ரிசர்வ் வங்கி 2019-ல் தேதி குறிப்பிடாமல் தள்ளிவைத்தது. மற்ற சிறிய கம்பெனிகளுக்கு, பட்டயக் கணக்காளர் நிறுவனம் 2015-ல் வெளியிட்ட டெரிவேட்டிவ் வழிகாட்டுக் குறிப்பு பொருந்தும்.

இண்ட் ஏஎஸ் 109 என்பது சர்வதேசத் தரநிலை ஐஎஃப்ஆர்எஸ் 9-ன் இந்திய வடிவம். அமெரிக்கக் கம்பெனிகளுக்கு ஏஎஸ்சி 815. அடிப்படை எண்ணம் ஒன்றுதான், நுணுக்கங்கள் வேறு.

ஒரு உதாரணத்தோடு சொல்ல முடியுமா?

ஒரு நூற்பாலை 100 கோடி ரூபாய் கடன் வாங்குகிறது. மூன்று ஆண்டு. வட்டி மைபார் விகிதத்தோடு 2 சதவீதம். அதாவது ஒருநாள் கடன் சந்தையின் விகிதம் ஏறினால் வட்டியும் ஏறும். அதே நாளில் ஒரு வங்கியோடு மூன்றாண்டு ஸ்வாப்: ஆலை 6.5 சதவீதம் நிலையாகக் கொடுக்கும், மைபார் வட்டியை வாங்கிக்கொள்ளும். ஆக, சந்தை எங்கே போனாலும் ஆலையின் வட்டிச் செலவு 8.5 சதவீதம், ஆண்டுக்கு 8.5 கோடி. (நடைமுறையில் இந்த ஸ்வாப்புக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்குத் தீர்ப்பார்கள். கணக்கு எளிதாக இருக்க ஆண்டுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்வோம்.)

முதல் ஆண்டு முழுக்க மைபார் 6.5 சதவீதமாகவே இருந்தது. யாரும் யாருக்கும் எதுவும் தரவேண்டியதில்லை. ஆண்டுக் கடைசி நாளில் சந்தை வட்டி 5.5 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. இனி வரும் இரண்டு ஆண்டுகளிலும் ஆலை 6.5 கொடுத்து 5.5 வாங்கப்போகிறது. ஆண்டுக்கு 1 கோடி நட்டம். அந்த இரண்டு 1 கோடிகளையும் 5.5 சதவீதத்தில் தள்ளுபடி செய்தால் இன்றைய மதிப்பு சுமார் 1.85 கோடி.

ஹெட்ஜ் கணக்கியல் இல்லையென்றால் இந்த 1.85 கோடியும் முதல் ஆண்டின் நட்டம். வட்டி 8.5 கோடி, ஸ்வாப் நட்டம் 1.85 கோடி, மொத்தம் 10.35 கோடி. ஆலை கொடுத்த பணமோ 8.5 கோடிதான். அடுத்த இரண்டு ஆண்டுகளில் வட்டிச் செலவு அந்த அளவுக்குக் குறைவாகத் தெரியும். வட்டியை நிலைப்படுத்திய ஒரு கம்பெனியின் கணக்கில் வட்டி தாறுமாறாக ஆடுவதுபோல் தோன்றும்.

ஹெட்ஜ் கணக்கியல் இருந்தால் அதே 1.85 கோடி எங்கே போகும்?

இது பணவரத்து ஹெட்ஜ் என்ற வகை. மாறும் வட்டியால் எதிர்காலப் பணப்போக்கு மாறும், அதைத் தடுக்கிறோம் என்பதால் அந்தப் பெயர். முதல் ஆண்டு முடிவில் எழுதும் பதிவு:

பற்று: பணவரத்து ஹெட்ஜ் காப்பு நிதி (ஓசிஐ வழியாக) 1.85 கோடி
வரவு: ஸ்வாப் பொறுப்பு 1.85 கோடி

ஸ்வாப் பொறுப்பு ஐந்தொகையில் தெரியும், மறைவதில்லை. ஆனால் நட்டம் லாப நட்டக் கணக்கைத் தொடாமல், ஓசிஐ எனப்படும் இதர விரிவான வருமானப் பகுதி வழியாகப் பங்கு மூலதனத்துக்குப் பக்கத்தில் உள்ள காப்பு நிதியில் போய்க் காத்திருக்கும்.

இரண்டாம் ஆண்டு. மைபார் 5.5-லேயே இருந்தது. கடனுக்கு வட்டி 7.5 கோடி. ஸ்வாப்புக்காக வங்கிக்கு 1 கோடி கொடுக்கிறோம். அப்போது:

பற்று: ஸ்வாப் பொறுப்பு 1 கோடி
வரவு: வங்கி 1 கோடி

பற்று: நிதிச் செலவு 1 கோடி
வரவு: பணவரத்து ஹெட்ஜ் காப்பு நிதி 1 கோடி

நிதிச் செலவு 7.5 + 1 = 8.5 கோடி. ஒப்பந்தம் போட்ட நாளில் நினைத்தது எதுவோ அதுவே கணக்கிலும் வருகிறது. நாட்கள் கழிந்ததால் மீதமிருந்த பொறுப்பின் மதிப்பு சுமார் 10 லட்சம் கூடியிருக்கும், அதுவும் ஓசிஐ வழியாகவே. ஆண்டு முடிவில் பொறுப்பு 0.95 கோடி, காப்பு நிதியிலும் 0.95 கோடி நட்டம். மூன்றாம் ஆண்டு முடிவில் இரண்டும் பூஜ்யம்.

ஒரு சின்ன விஷயம் பலர் மறந்துவிடுவார்கள்: ஓசிஐ தொகைக்கும் ஒத்திவைத்த வரி உண்டு. 25.17 சதவீத வரி கட்டும் கம்பெனியென்றால் முதல் ஆண்டில் சுமார் 47 லட்சம் ஒத்திவைத்த வரிச் சொத்து. காப்பு நிதியில் நிகரமாக நிற்பது 1.38 கோடிதான்.

நியாய மதிப்பு ஹெட்ஜ் என்பது எப்போது?

நிலைமை தலைகீழாக இருக்கும்போது. கம்பெனி 8 சதவீத நிலையான வட்டியில் கடன்பத்திரம் வெளியிட்டிருக்கிறது. வட்டி இறங்கப்போகிறது, தானும் இறங்கும் வட்டியைக் கட்டலாமே என்று நினைத்து, நிலையான வட்டியை வாங்கி மாறும் வட்டியைக் கொடுக்கும் ஸ்வாப்பைப் போடுகிறது. இங்கே ஆபத்து பணப்போக்கில் இல்லை, கடன்பத்திரத்தின் மதிப்பில் இருக்கிறது.

இதற்கான கணக்கு வேறு மாதிரி. ஸ்வாப்பை வழக்கம்போல நியாய மதிப்பில் காட்டி லாப நட்டக் கணக்குக்குக் கொண்டுபோக வேண்டும். கூடவே, கடன்பத்திரத்தின் புத்தக மதிப்பையும் வட்டி மாற்றத்தால் ஏற்பட்ட அளவுக்கு மட்டும் திருத்த வேண்டும். வட்டி 1 சதவீதம் இறங்கி ஸ்வாப்பில் 1.85 கோடி லாபம் என்றால், கடன்பத்திரப் பொறுப்பு ஏறக்குறைய அதே 1.85 கோடி ஏறி நட்டம் காட்டும். இரண்டும் ஒரே ஆண்டில், ஒரே கணக்கில் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். காப்பு நிதிக்கு இங்கே வேலையில்லை. கம்பெனியின் கடன் தரம் மாறியதால் பத்திரத்தின் விலை மாறினால் அதைத் தொடக்கூடாது. திருத்துவது ஹெட்ஜ் செய்த ஆபத்துக்கு மட்டும்.

கடன் கொடுப்பவர், பத்திரம் வாங்கி வைத்திருப்பவர் இதைச் செய்யலாமா?

செய்யலாம். நிலையான வட்டிப் பத்திரங்களை வைத்திருப்பவருக்கு வட்டி ஏறினால் மதிப்பு சரியும். 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கிக்கு நடந்தது நினைவிருக்கும். 2,100 கோடி டாலர் பத்திரங்களை விற்று 180 கோடி டாலர் நட்டத்தை அறிவித்த இரண்டாம் நாள், மார்ச் 10 அன்று, அது மூடப்பட்டது. அதனிடம் இருந்த பத்திரங்களில் பெரும்பகுதி, முதிர்வு வரை வைத்திருப்போம் என்ற வகையில் இருந்தவை. அமெரிக்க விதிப்படி அந்த வகையில் வைத்த பத்திரத்தின் வட்டி ஆபத்துக்கு ஹெட்ஜ் கணக்கியல் கிடையாது. ஐஎஃப்ஆர்எஸ் 9-லும் இண்ட் ஏஎஸ் 109-லும் அந்த வகையே இல்லை. வட்டிக்காக வைத்திருக்கும் பத்திரங்களையும் நியாய மதிப்பு ஹெட்ஜில் சேர்க்கலாம். இரண்டு நாட்டு ஆண்டறிக்கைகளை ஒப்பிட்டுப் படிப்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

ஆவணம் ஆவணம் என்று ஆடிட்டர் கேட்கிறாரே, எதை எழுத வேண்டும்?

நான் அதிகம் அழுத்திச் சொல்ல நினைப்பது இந்தக் கேள்விக்கான பதிலைத்தான். ஹெட்ஜ் கணக்கியல் தானாக வருவதில்லை. எழுதி வைத்தால்தான் வரும். அதுவும் முதல் நாளே.

எந்தக் கடன், எவ்வளவு அசல், எந்த ஸ்வாப், எந்த ஆபத்து, கம்பெனியின் ஆபத்து மேலாண்மை நோக்கம் என்ன, எத்தனை ரூபாய் கடனுக்கு எத்தனை ரூபாய் ஸ்வாப், பலன் தருகிறதா என்று எப்படிப் பார்ப்போம், பலன் குறையக் காரணங்கள் எவை. இரண்டு மூன்று பக்கம் போதும். கடன் ஒப்பந்தத்தின் பெயரும் தேதியும், ஸ்வாப் உறுதிச்சீட்டின் எண்ணும் அதில் இருக்க வேண்டும். பொத்தாம்பொதுவாக ‘கம்பெனியின் கடன்கள்’ என்று எழுதினால் ஆடிட்டர் ஏற்கமாட்டார், ஏற்கவும் கூடாது.

நான் பார்த்த ஒரு கம்பெனியில் ஜூன் மாதம் ஸ்வாப் போட்டார்கள். நிதிப் பிரிவுக்கும் கணக்குப் பிரிவுக்கும் ஒரே தளத்தில் அறை, ஆனால் தகவல் போகவில்லை. மார்ச் கடைசியில் வங்கியிடமிருந்து ஸ்வாப் மதிப்புக் கடிதம் வந்தபோதுதான் கணக்குப் பிரிவுக்கே விஷயம் தெரிந்தது. அவசர அவசரமாக ஆவணம் தயாரித்து, ஜூன் மாதத் தேதி போடலாமா என்று கேட்டார்கள். கூடாது என்றேன். அது பொய்யான ஆவணம், அதில் கையெழுத்துப் போடுபவரின் தொழிலே போய்விடும். ஒன்பது மாத நட்டம் முழுக்க லாப நட்டக் கணக்குக்குப் போனது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஹெட்ஜாக அறிவித்தோம். அன்றைக்கு ஸ்வாப்பில் ஏற்கெனவே ஒரு நட்டம் ஒட்டிக்கொண்டிருந்ததால் அடுத்த ஆண்டுகளிலும் கணக்கு முழுதாகப் பொருந்தவில்லை. அந்தக் கணக்கு மேலாளரின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

பெரிய கம்பெனிகளுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

ஃபேனி மே. அமெரிக்க வீட்டுக்கடன் சந்தையின் தூண்களில் ஒன்று. வட்டி ஆபத்தைச் சமாளிக்க ஏராளமான டெரிவேட்டிவ்களை வைத்திருந்தது. தன் ஹெட்ஜ்கள் கச்சிதமாகப் பொருந்துகின்றன என்று எடுத்துக்கொண்டு, விதி கேட்ட சோதனைகளைச் சரியாகச் செய்யாமல் விட்டது. 2004 டிசம்பர் 15 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம், கணக்கு விதிப்படி இல்லை, திருத்தி எழுதுங்கள் என்றது. அந்த மாதமே தலைமை அதிகாரி ஃபிராங்க்ளின் ரெய்ன்ஸ் பதவி விலகினார். 2006-ல் 40 கோடி டாலர் அபராதம். அந்த ஆண்டு டிசம்பரில் திருத்திய கணக்கு வந்தபோது, முன்பு காட்டிய லாபத்திலிருந்து மொத்தம் 630 கோடி டாலர் குறைந்திருந்தது. அதில் டெரிவேட்டிவ் கணக்குக்குப் பெரும் பங்கு உண்டு.

80-125 சோதனை இன்னும் உண்டா?

இண்ட் ஏஎஸ் 109-ல் இல்லை. ஐஎஃப்ஆர்எஸ் 9-க்கு முன்பிருந்த பழைய சர்வதேசத் தரநிலையான ஐஏஎஸ் 39-ல், ஸ்வாப்பின் மாற்றம் கடனின் மாற்றத்தில் 80-க்கும் 125 சதவீதத்துக்கும் இடையே இருக்க வேண்டும். 79 வந்தால் எல்லாம் போச்சு. இப்போது மூன்று கேள்விகள் மட்டுமே: கடனுக்கும் ஸ்வாப்புக்கும் இடையே உண்மையான பொருளாதாரத் தொடர்பு இருக்கிறதா? எதிர்த்தரப்பின் கடன் ஆபத்து அந்தத் தொடர்பை மூழ்கடிக்காமல் இருக்கிறதா? ஹெட்ஜ் விகிதம் கம்பெனி நிஜமாகவே பயன்படுத்தும் விகிதம்தானா? அமெரிக்க விதி இன்னும் அதிக அளவு பலன் தர வேண்டும் என்று கேட்கிறது, நடைமுறையில் அங்கே 80-125 தொடர்கிறது.

சோதனை தளர்ந்தாலும் அளவிடல் தளரவில்லை. கடனுக்கு அச்சு அசலாகப் பொருந்தும் ஒரு கற்பனை ஸ்வாப்பை வரைந்து, அதன் மதிப்பு மாற்றத்தோடு நிஜ ஸ்வாப்பை ஒப்பிட வேண்டும். நிஜத்தில் 1.85 கோடி நட்டம், கற்பனையில் 1.60 கோடி என்றால், ஓசிஐக்கு 1.60 மட்டும். மிச்சம் 25 லட்சம் லாப நட்டக் கணக்குக்கு. கற்பனையில் 2 கோடி, நிஜத்தில் 1.85 என்றால் 1.85 முழுவதும் ஓசிஐக்கே. இரண்டில் எது சிறியதோ அது.

எங்கள் கடன் எம்சிஎல்ஆர் அடிப்படையில். ஸ்வாப் மைபாரில். பரவாயில்லையா?

இந்தியக் கம்பெனிகளுக்கு இதுதான் நிஜமான தலைவலி. ஸ்வாப் சந்தையில் ஆழம் இருப்பது மைபாரில். உள்நாட்டு வங்கிகளின் தொழில் கடன்களில் பெரும்பகுதி எம்சிஎல்ஆரிலோ ரெப்போவிலோ கட்டப்பட்டிருக்கும். எம்சிஎல்ஆர் என்பது ஒவ்வொரு வங்கியும் தன் நிதித் திரட்டல் செலவை வைத்துத் தானே போடும் கணக்கு. சந்தை வட்டி இன்று மாறினால் அது மெதுவாகத்தான் அசையும், அதுவும் ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒருமுறைதான் உங்கள் கடனுக்கு வந்து சேரும். ‘எம்சிஎல்ஆருக்குள் மைபார் ஒரு பகுதியாக இருக்கிறது, அதை மட்டும் ஹெட்ஜ் செய்கிறோம்’ என்று வாதாடுவது எடுபடாது. அந்தப் பகுதியைத் தனியாகப் பிரித்துக் காட்ட முடிய வேண்டும். முடியாது.

முழு எம்சிஎல்ஆர் வட்டியையே ஹெட்ஜ் செய்த பொருளாக வைத்து, இடைவெளியை நேர்மையாக அளந்து காட்டுவதுதான் வழி. இடைவெளி பெரிதாக இருந்தால் ஸ்வாப் போடுவதற்கு முன்பே வங்கியிடம் கடனின் அடிப்படையை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். ரெப்போ அடிப்படை மைபாருக்கு ஓரளவு நெருக்கம்.

கடன் ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச வட்டி இருந்தால்?

கவனமாகப் பாருங்கள். முந்தைய உதாரணத்தில் ‘வட்டி எந்நாளும் 8 சதவீதத்துக்குக் கீழே போகாது’ என்று ஒரு வரி இருந்தால், மைபார் 5.5 ஆனபோது கடன் வட்டி 7.5 அல்ல, 8. ஸ்வாப்புக்கு 1 கோடி கொடுத்தாகவேண்டும். மொத்தம் 9 கோடி. இது கணக்கில் மட்டும் வரும் பொருந்தாமை இல்லை, நிஜமாகவே 50 லட்சம் கூடுதலாகப் போகிறது. கற்பனை ஸ்வாப்பிலும் அந்தக் குறைந்தபட்சத்தைச் சேர்த்தால்தான் இது வெளியே தெரியும். கடன் ஒப்பந்தத்தின் வட்டிப் பிரிவைக் கணக்குப் பிரிவில் ஒருவர் முழுவதும் படித்தாரா என்பதுதான் நான் முதலில் கேட்பது.

ஸ்வாப்புக்குப் பதிலாக வட்டி உச்சவரம்பு ஆப்ஷன் வாங்கினால்?

கேப் எனப்படும் இதற்கு முன்பணம் கொடுப்போம். அதன் காலமதிப்பின் (மீதமுள்ள காலத்துக்காக விலையில் சேர்ந்திருக்கும் பகுதியின்) ஏற்ற இறக்கம் லாபத்தை ஆட்டக்கூடாது என்பதற்காக ‘ஹெட்ஜ் செலவு’ என்ற வசதி உண்டு. காலமதிப்பு மாற்றம் ஓசிஐக்குப் போகும், தொடக்கக் காலமதிப்பு கடன் காலம் முழுவதும் காப்பீட்டுப் பிரீமியம்போலச் சீராகச் செலவாகும்.

கடனை முன்கூட்டியே அடைத்துவிட்டோம். காப்பு நிதியில் நிற்கும் தொகை?

அந்த வட்டி இனி கட்டப்போவதே இல்லை என்றால், காப்பு நிதியில் இருப்பது அன்றே லாப நட்டக் கணக்குக்கு வரவேண்டும். கடன் தொடர்கிறது, ஸ்வாப்பை மட்டும் 1.85 கோடி கொடுத்து முடித்துக்கொண்டோம் என்றால், பணம் போய்விட்டாலும் நட்டம் காப்பு நிதியிலேயே தங்கி, மீதி இரண்டு ஆண்டு வட்டியோடு சேர்ந்து செலவாகும்.

இன்னொரு நிலை அடிக்கடி வரும்: ஒரு வங்கியின் கடனை அடைத்து இன்னொரு வங்கியில் மாறும் வட்டிக் கடன் வாங்குவது. முதல் நாள் ஆவணத்தில் ‘இந்தக் கடன் அல்லது இதற்கு மாற்றாக வாங்கும் மாறும் வட்டிக் கடனின் முதல் 100 கோடிக்கான வட்டி’ என்று எழுதியிருந்து, அந்த வட்டிப்போக்கு நிகழ மிக அதிக வாய்ப்பு இருக்கிறது என்று காட்ட முடிந்தால் ஹெட்ஜ் தொடர வாய்ப்புண்டு. குறிப்பிட்ட கடனின் பெயரை மட்டும் எழுதியிருந்தால் கஷ்டம். ‘எனக்கு வேண்டாம், இந்த ஹெட்ஜை விட்டுவிடுகிறேன்’ என்று கம்பெனி விருப்பப்படி நிறுத்தவும் இண்ட் ஏஎஸ் 109 அனுமதிப்பதில்லை. நோக்கம் மாறியிருக்க வேண்டும், அல்லது தகுதி போயிருக்க வேண்டும்.

லைபார் நின்றபோது பழைய ஹெட்ஜ்கள் என்ன ஆயின?

லைபார் என்பது லண்டன் வங்கிகளுக்கிடையேயான கடன் விகிதம். 2021 டிசம்பரோடு பெரும்பாலான லைபார் விகிதங்களும், 2023 ஜூனோடு டாலர் லைபாரும் நின்றன. வெளிநாட்டு டாலர் கடன்கள் சோஃபர் என்ற அமெரிக்க ஒருநாள் கடன் விகிதத்துக்கு மாறின. அடிப்படை விகிதம் மாறியதற்காக மட்டும் ஹெட்ஜ் அறுந்துவிடக்கூடாது என்று தரநிலைகளில் சலுகை கொடுத்தார்கள். ஆவணத்தைத் திருத்தினால் போதும். கடன் ஒரு தேதியிலும் ஸ்வாப் வேறு தேதியிலும் மாறியிருந்தால், இடைப்பட்ட நாட்களின் பொருந்தாமையை மட்டும் அளந்து லாப நட்டக் கணக்கில் காட்ட வேண்டும்.

ஆண்டறிக்கை படிக்கும் பங்குதாரர் எங்கே பார்க்க வேண்டும்?

மூன்று இடம். மூலதன மாற்ற அறிக்கையில் பணவரத்து ஹெட்ஜ் காப்பு நிதி: அந்தத் தொகை வரும் ஆண்டுகளில் வட்டிச் செலவைக் கூட்டவோ குறைக்கவோ போகிறது. நிதிக் கருவிகள் பற்றிய குறிப்பில் ஸ்வாப்பின் அசல், முதிர்வு, சராசரி நிலையான வட்டி. அப்புறம், வட்டி 1 சதவீதம் அல்லது அரை சதவீதம் மாறினால் லாபம் எவ்வளவு மாறும் என்ற அட்டவணை. மாறும் வட்டிக் கடன் 500 கோடி, ஸ்வாப் 100 கோடி என்றால், மீதி 400 கோடிக்கு வட்டி ஒரு சதவீதம் ஏறினால் ஆண்டுக்கு 4 கோடி கூடும். அட்டவணையில் உள்ள எண் அதோடு ஒத்துப்போகவில்லை என்றால், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். அது உங்கள் உரிமை.